சேலத்திலிருந்து நியூசிலாந்துக்குக் குடியேறப் போகிறேன். மலையேறப் பிடிக்கும். அங்கே எங்கிருந்து தொடங்குவது?

எனக்கு வெலிங்டனில் இது ஏழாவது வருடம். பிறந்து வளர்ந்தது அஸ்தம்பட்டி. பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில் உங்கள் கேள்வியைப் பார்த்தேன். மொட்டை மாடியில், எதிரே சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

அப்பா ஏற்காட்டுப் பாதையில் பஸ் ஓட்டியவர். 20 கொண்டை ஊசி வளைவும் அவருக்குக் கையில் இருக்கும். டூட்டிக்குக் கிளம்பும் முன் இதே மாடிக்கு வந்து மலையை ஒரு பார்வை பார்ப்பார். "மூட்டம் எறங்கிருச்சு கண்ணு, இன்னைக்கு லைட்டப் போட்டுத்தான் ஏறணும்" என்பார். நான் அங்கே கொண்டுபோனதிலேயே உருப்படியாகப் பயன்பட்டது இந்த ஒரு பழக்கம்தான். மற்றதை எல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, திசை உட்பட.

நமக்குத் தெற்கிலிருந்து வந்தால் தென்றல், உடம்புக்கு இதம். வடக்கிலிருந்து வந்தால் வாடை, குளிர். அங்கே இரண்டும் இடம் மாறிவிடும். தெற்குக் காற்று அண்டார்டிகா பக்கமிருந்து கடலைத் தாண்டி வருகிறது. அது திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் காலம் மாறினது போல வெப்பம் இறங்கும். போய் மூன்றாவது மாதம், வெலிங்டனுக்கு வடக்கே இருக்கும் டராருவா மலைத்தொடருக்குப் போனேன். காலையில் துளி மேகம் இல்லை. ஜீன்ஸ், பருத்தி டீ சட்டை, தோளில் ஒரு பை. ஏற்காட்டில் மழை பிடித்தால் என்ன செய்வோம்? நனைவோம், ஒரு டீ குடிப்போம், சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம். அந்த நினைப்பில் போனேன்.

மதியத்துக்கு மேல் தெற்குக் காற்று திரும்பியது, மழையும் சேர்ந்துகொண்டது. நனைந்த பருத்தி உடம்பிலிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயவே காயாது. பையின் ஜிப்பை இழுக்கக்கூட விரல் மடங்கவில்லை. பேச்சு குழறியது. எங்கள் குழுவில் என் அம்மா வயதில் ஒருவர் இருந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரச் சட்டையைக் கழற்ற வைத்து, தன் பையிலிருந்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, கையில் சாக்லேட்டைத் திணித்தார். உடல் வெப்பம் அபாயமாக இறங்கத் தொடங்கியிருந்தது என்று அப்புறம்தான் சொன்னார். அந்தக் கம்பளிச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே முதல் சம்பளத்தில் கம்பளி உள்சட்டையும் நல்ல மழைக்கோட்டும் வாங்குங்கள். ஷூகூட அப்புறம்தான்.

உயரத்தை வைத்து மலையை எடை போடாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே வீடும் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்குமாக இருக்கிறது. டராருவாவில் சுமார் 1,200 மீட்டரிலேயே மரம் நின்றுவிடும். அதற்கு மேல் புல்லும் பாறையும் மட்டும், காற்றுக்கு ஒதுங்க ஒரு புதர் கிடைக்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அவர்கள் தள்ளி இருக்கிறார்கள். அதே உயரம் அங்கே வேறு மலை. வெலிங்டன் நகரத்துக்குள்ளேயே கௌகௌ என்று ஒரு குன்று, 445 மீட்டர். நான் தொடங்கியது அதில்தான், நீங்களும் அதில் தொடங்குங்கள். அதன் உச்சியில் ஒரு நாள் நின்றால் காற்று என்றால் என்ன என்று தெரிந்துவிடும்.

திசை வீட்டுக்குள்ளும் வரும். இங்கே வாஸ்து பார்த்து வடக்கு வாசல் தேடுகிறோம். அங்கே வெயிலுக்காகத் தேட வேண்டும். தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகிறது. தெற்கு பார்த்த அறையில் குளிர்காலம் முழுக்க ஈரம் கோத்து, சுவரில் பூஞ்சை பிடிக்கும். நான் முதலில் எடுத்த வீடு அப்படி. அந்த ஜூன், ஜூலையில் பாதித் தனிமை அந்த அறையால் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். வெளியே மலைக்குப் போன நாட்களில்தான் மனசு தேறியது.

பயத்தையும் மாற்றிக் கற்க வேண்டும். சேர்வராயனில் நடந்தால் கண் தரையில் இருக்கும், பாம்புக்கு. காது காட்டெருமைக்கு. அங்கே நிலத்தில் பாம்பே இல்லை, வேட்டையாடும் பெரிய மிருகமும் இல்லை. முதல் நாள் அந்தக் காட்டின் அமைதி எனக்குத் திகிலாக இருந்தது. பிறகு விசிறி வால் கொண்ட ஒரு குட்டிப் பறவை கூடவே வந்தது. நம் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக அப்படி வருமாம். எனக்கு ஊரில் முதல் தோழி கிடைத்தது போல இருந்தது.

அங்கே பயப்பட வேண்டியது ஆறு. 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கு "நியூசிலாந்துச் சாவு" என்றே பெயர் இருந்தது. கிளியூர் அருவிக்கு மழை பெய்தால்தான் தண்ணீர், ஆகவே மழை என்றால் நமக்குக் கொண்டாட்டம். அங்கே மலையில் மழை என்றால், காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலையில் ஆளை இழுக்கும். தண்ணீர் கலங்கி ஓடினால் இறங்காதீர்கள், காத்திருங்கள். அதற்கு ஒரு நாள் உணவு கூடுதலாக வைத்திருங்கள்.

காத்திருக்க இடமும் இருக்கிறது. அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950-க்கும் மேற்பட்ட மலைக்குடில்களைப் பராமரிக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு இருக்கும். தங்காவிட்டாலும் பெயரையும் போகும் பாதையையும் எழுதிவிடுங்கள், தேட வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பாதையில் மரங்களில் ஆரஞ்சு முக்கோணம் அடித்திருப்பார்கள், அதைப் பிடித்து நடக்கலாம். மலைக்குள் போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் பீக்கன் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது.

தனியாகப் போகாமல் ட்ராம்பிங் கிளப் ஒன்றில் சேருங்கள். அங்கே மலைநடைக்கு ட்ராம்பிங் என்றுதான் பெயர். முதல் கிளப் வெலிங்டனில் 1919-லேயே தொடங்கியது. நம்மிடம் கார் இருக்காது, பை இருக்காது, கொடுப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். என் அலுவலகத்தில் இரண்டு வருடத்தில் கிடைக்காத நட்பு, குடிலில் ஒரு ராத்திரி ரசம் வைத்துக் கொடுத்ததில் கிடைத்தது.

கடைசியாக, பெட்டி கட்டும்போது. ஏற்காட்டுத் தேனைக் கொண்டுபோகாதீர்கள், நம் நாட்டுத் தேனை உள்ளே விட மாட்டார்கள். கறிவேப்பிலையும் வேண்டாம். காப்பித்தூள், பொடி வகை எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மலையேறும் ஷூவையும்தான். அறிவிக்காமல் மாட்டினால் 400 டாலர் அபராதம். நான் ஷூவைப் பற்றி எழுதியிருந்தேன். அடியில் ஒட்டியிருந்த நம்ம செம்மண்ணைப் பார்த்து, உள்ளே எடுத்துப்போய்க் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் காட்டு மரங்களுக்கு மண்ணில்தான் நோய் போகிறது, ஆகவே அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

நாளைக் காலை அப்பாவோடு சேர்வராயன் கோயிலுக்குப் போகிறேன். காப்பி பறிக்கும் காலம், தோட்டத்து வழியாக நடந்து போகலாம் என்கிறார். சாயங்காலம் மாடிக்கு வந்து மலையைப் பார்த்தார். மூட்டம் இல்லையாம். இறங்கி வந்ததும் ஷூவைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அடுத்த வாரம் விமானம்.