டோக்கியோவில் நூறு வருடம் தாண்டிய பழைய ஸோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்) கடையில் சாப்பிடப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு தட்டு வாங்கி நாலு பேர் ருசி பார்க்கும் திட்டம் இருந்தால் முதலில் அதைக் கைவிடுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு, அதுவும் வந்த கையோடு சாப்பிட வேண்டும். பழைய கடைகளில் அளவு குறைவுதான். பசி அதிகமென்றால் இரண்டாவது தட்டு சொல்லிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாராவில் கடை ஏறி இறங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் தேடுவீர்கள். நடக்கிற தூரத்தில் இரண்டு இருக்கின்றன: 1880-இல் தொடங்கிய காண்டா யபு ஸோபா, 1884-இல் தொடங்கிய காண்டா மட்சுயா. யபுவின் பழைய மரக்கட்டடத்தில் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்தது. இப்போது இருப்பது 2014 அக்டோபரில் திறந்த புதுக் கட்டடம். பழைய சுவர்தான் முக்கியம் என்றால் மட்சுயாவுக்குப் போங்கள். அது 1925-இல் கட்டியது. பன்னிரண்டு மணிக்குப் போனால் ஆபீஸ்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். 2 மணிக்கு மேல் நிதானமாக உட்காரலாம்.

முதல் தடவை போகிறவர்கள் ‘செய்ரோ’ சொல்லுங்கள். மூங்கில் தட்டியில் குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ‘ட்சுயு’ என்ற கறுப்புச் சாறு, நறுக்கிய வெங்காயத்தாள், வஸாபி என்ற காரமான பச்சை விழுது. அவ்வளவுதான் வரும். மாவு பக்வீட்; வடநாட்டில் விரதத்துக்குச் சாப்பிடும் குட்டு மாவு அதுதான். அதில் குளுட்டன் கிடையாது என்பதால் பிடிப்புக்காகக் கொஞ்சம் கோதுமை மாவு சேர்ப்பார்கள். வழக்கமான கணக்கு 8-க்கு 2. வேகவைத்ததும் குளிர்ந்த நீரில் அலசித் தட்டியில் வைக்கிறார்கள். அங்கிருந்து நேரம் ஓட ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிடம் போட்டோ எடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகக் கிளம்பி வரும். பிறகு ‘பிரமாதம் ஒன்றுமில்லை’ என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு வருவார்கள்!

குவியலின் நடு உச்சியிலிருந்து ஐந்தாறு இழை மட்டும் எடுங்கள். ஓரத்திலிருந்து இழுத்தால் மொத்தமும் சிக்கிக்கொண்டு வரும். முதல் வாயை எதிலும் தொடாமல் சாப்பிட்டால்தான் மாவின் வாசனை தெரியும். அடுத்த வாயிலிருந்து நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாற்றில் தொடுங்கள். யபு பாணியில் நடக்கும் கடைகளில் சாறு நல்ல உப்பும் கெட்டியுமாக இருக்கும். முழுக்க முக்கினால் சோயா சாஸ் ருசி மட்டும்தான் மிஞ்சும். ஜப்பானியர்களே முழுசாக முக்குகிறார்களே என்று சண்டைக்கு வராதீர்கள், தெரியும். சாறு லேசாக இருக்கும் கடையில் தாராளமாக முக்கலாம். நுனி தொட்டே காலம் தள்ளிய ஒரு ரசிகன், சாகும்போது ‘ஒரு தடவையாவது முழுக்க முக்கிச் சாப்பிட்டிருக்கலாம்’ என்று புலம்பினானாம். ராகுகோ என்ற, உட்கார்ந்தபடியே சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லும் ஜப்பானியக் கலையில் வரும் பழைய நகைச்சுவை இது.

வஸாபியைச் சாற்றில் கரைக்க வேண்டாம். துளி எடுத்து நூடுல்ஸ் மேல் வைத்தால் காரம் மூக்கில் ஏறும், சாறும் கெடாது. உறிஞ்சும் சத்தம் மரியாதைக் குறைவு இல்லை. காற்றோடு உள்ளே போவதால்தான் வாசனை மூக்குக்கு வருகிறது. அதற்காக வீடியோக்காரர்கள் மாதிரி நாடகம் போட வேண்டியதில்லை. வராவிட்டால் சும்மா மென்று சாப்பிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முடியும் சமயத்தில் அரக்குப் பூசிய சொம்பு போன்ற பாத்திரத்தில் ‘ஸோபாயு’ வரும். நூடுல்ஸ் வெந்த தண்ணீர் அது. கை கழுவ வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாவு அடியில் தங்கியிருக்கும் என்பதால் மெதுவாக ஒரு சுழற்று சுழற்றி, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். சாறு கால் கிண்ணம் இருந்தால் அதே அளவு ஊற்றி ருசி பார்த்து, பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் வெங்காயத்தாளை இதற்கென்று மிச்சம் வைப்பது நல்லது.

இனி சைவக்காரர்களுக்கு. ‘கறி, மீன் துண்டு இருக்காது, சுத்த வெஜ்’ என்று சொல்லி அனுப்பும் டூர் ஏஜெண்டுகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அந்தக் கறுப்புச் சாற்றின் உயிரே கட்சுவோபுஷி. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு செய்யும் அதே சூரை மீனைப் புகையில் காயவைத்துச் சீவியது. சமையலறையில் எடுத்துவிடச் சொல்ல முடியாது. சாறு முன்கூட்டியே காய்ச்சி ஆறவைத்திருப்பது. உப்பு தொட்டுச் சாப்பிடலாம், ஆனால் எல்லாக் கடையிலும் தரமாட்டார்கள், முன்பே கேளுங்கள். பக்வீட் அலர்ஜி உள்ளவர்கள் வேறு எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கூட உள்ளே போகக் கூடாது. மாவு காற்றிலேயே பறக்கும், ஒரே பானையில்தான் எல்லாம் வேகும், மூச்சுத் திணறும் அளவுக்குப் போய்விடும்.

பழைய கடைகள் பலவற்றில் கார்டு வாங்குவதில்லை, ரொக்கமாக யென் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வேண்டாம்.