11 ஏபி எதுக்குங்க, கிளெப் பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா?

டெக்சஸ், ஃப்ரிஸ்கோல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. பொண்ணு பத்தாவது, அடுத்த வருஷத்துக்கு கோர்ஸ் செலக்‌ஷன், ஒரே வருஷத்துல 6 ஏபி (ஸ்கூல்லயே படிச்சு எக்ஸாம் எழுதற காலேஜ் லெவல் கோர்ஸ்) போடலாமான்னு வீட்ல சண்டை. நியூஜெர்சில இருக்கற பெரியப்பா பையன் மொத்தம் 11 ஏபி எழுதி கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிட்டானாம், அதனால இவளும் போகணுமாம். அவளுக்கு என்ன புடிக்கும்னு கேட்டேன், பின்னாடி இருந்து அவளே "அக்கவுண்டிங்"னு குரல் குடுத்தா, அம்மா உடனே "அத விடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க.

அத விட முடியாதுங்க, பேச்சே அங்கதான ஆரம்பிக்கணும்.

ஏபி பத்தி உங்க வாட்ஸப் குரூப்ல இல்லாதத நான் புதுசா சொல்லப்போறதில்ல. அட்மிஷனுக்கு அதுக்கு மதிப்பு உண்டு, ஆனா அதுக்கு மொத்தமா புடிச்ச மூணு நாலு சப்ஜெக்ட்ட ஒழுங்கா பண்ணா போதும். கிரெடிட்டுக்காகன்னா (டிகிரி கணக்குல சேர்ற காலேஜ் பாட யூனிட்) இன்னொண்ணு கேளுங்க, நீங்க ஆசைப்படற டார்ட்மவுத், கால்டெக் எல்லாம் ஏபி ஸ்கோருக்கு கிரெடிட்டே குடுக்கறதில்ல. சும்மா புள்ள தூக்கத்த கெடுத்ததுதான் மிச்சம்.

இப்ப கிளெப்புக்கு வர்றேன். இதுவும் ஏபி நடத்துற அதே காலேஜ் போர்டு எக்ஸாம்தான், பாஸ் பண்ணா அந்த கோர்ஸ காலேஜ்ல படிக்காமலே கிரெடிட் வாங்கலாம், ஆனா நம்மாளுங்க யாரும் பேசறதே இல்ல (பெருமை அடிச்சுக்க முடியாதுல்ல, அதான்). ஏபி மே மாசம் மட்டும்தான், இது வருஷம் பூரா எழுதலாம், பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், கம்ப்யூட்டர்ல மல்டிபிள் சாய்ஸ், முடிச்ச உடனே ஸ்க்ரீன்ல ஸ்கோர். 20ல இருந்து 80 வரைக்கும் ஸ்கோர், நிறைய காலேஜ்ல 50 வாங்கினா கிரெடிட். சரியா பண்ணலன்னா மூணு மாசம் கழிச்சு திரும்ப எழுதலாம், நல்லா வராத ஸ்கோர காலேஜுக்கு அனுப்பணும்னு கட்டாயம் இல்ல, கிரேடு கிடையாதுங்கறதால ஜிபிஏவையும் தொடாது. ஃபீஸ் நூறு டாலருக்குள்ள, சென்டர்காரங்க தனியா கொஞ்சம் வாங்குவாங்க. அந்த ஃபீஸும் வேணாம்னா மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க ஃப்ரீ ஆன்லைன் கோர்ஸ முடிச்சா எக்ஸாம் வவுச்சர் குடுக்கறாங்க. அதே மூணு கிரெடிட் கோர்ஸ யூனிவர்சிட்டில எடுத்தா ஆயிரம் டாலர் பக்கம் வந்துரும், கணக்கு போட்டுக்கோங்க.

டெக்சஸ் கவர்மெண்ட் காலேஜ்ல எந்த டிகிரி படிச்சாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், கவர்மெண்ட் (அரசு எப்படி நடக்குதுங்கற பாடம்) 6 கிரெடிட் முடிக்கணும், அது சட்டம். வரலாறு ரெண்டு பாகத்துக்கும் கிளெப் இருக்கு, அமெரிக்கன் கவர்மெண்ட்டுக்கும் இருக்கு, டெக்சஸ் கவர்மெண்ட்டுக்கு மட்டும் இல்ல. மேக்ரோ, மைக்ரோ எகனாமிக்ஸ் ரெண்டும் இவ எழுதலாம். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்னு ஒரு எக்ஸாம் இருக்கு, ஆனா நான் அவசரப்பட மாட்டேன், மெயின் சப்ஜெக்ட்ட பிசினஸ் ஸ்கூல்ல நேரா படிக்கட்டும், அடித்தளம் அங்கதான் விழும். எந்த எக்ஸாமா இருந்தாலும் எழுதறதுக்கு முன்னாடி, அவ போகப்போற காலேஜோட டெஸ்டிங் பேஜ்ல எதுக்கு எவ்ளோ கிரெடிட்னு பாத்துருங்க, ஒவ்வொரு காலேஜும் ஒரு மாதிரி.

அக்கவுண்டிங்னா மட்டமான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சிபிஏ (நம்மூர் ஆடிட்டர் மாதிரி) லைசன்ஸுக்கு வழக்கமா 150 கிரெடிட் கேப்பாங்க, டிகிரிக்கு 120தான், அந்த மிச்ச 30க்காக பலபேர் இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்டி படிக்கறாங்க (இப்ப பல ஸ்டேட்ல 120 கிரெடிட்டோட ரெண்டு வருஷ வேலை அனுபவம் இருந்தா போதும்னு மாத்திட்டு வர்றாங்க). ஸ்கூல்லயே 15 கிரெடிட் சேத்துட்டா அதுல பாதி தீந்துச்சு. ஃப்ரிஸ்கோ அம்மா, நீங்க எச்4ல (எச்1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) இருக்கீங்க, பொண்ணுக்கு ஃபெடரல் எய்டு, அதாவது மத்திய அரசோட படிப்பு உதவி, ஒரு டாலர் வராது, ஒவ்வொரு செமஸ்டரும் உங்க பாக்கெட்ல இருந்துதான் போகும், அந்த செலவுல பெரியப்பா பங்கு போடப்போறாரா?

ஃபார்ம்ல 6 ஏபில நாலை அடிச்சுட்டு ஸ்கூல்ல அக்கவுண்டிங் 1 இருக்கான்னு கவுன்சிலர கேளுங்க, டெக்சஸ் ஸ்கூல்ல நிறைய இடத்துல இருக்கு. லீவுல ஒரே ஒரு கிளெப், அமெரிக்கன் கவர்மெண்ட் மட்டும் எழுதட்டும், அடுத்தது எதுன்னு அவளே சொல்லுவா.