அவனை வெளியே அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. ஹெராயின் பழக்கம். மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினான். இனித் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தான். ஆறாவது வாரம் பழைய கூட்டாளி ஒருவனைத் தெருவில் பார்த்திருக்கிறான். அன்று இரவே மறுபடி ஆரம்பித்துவிட்டான். இனி வீட்டுப் படி ஏறக்கூடாது என்கிறார் அப்பா. போதை மூளையை நிரந்தரமாகக் கெடுத்துவிடுமா, இல்லை இவனுக்குத்தான் மனவுறுதி இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

மூளை தேறும், ஆனால் மெதுவாக. அந்தக் கேள்வி இப்போது அவசரமில்லை. மனவுறுதி என்ற பேச்சை மட்டும் உங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்கு யாரும் எடுக்க வேண்டாம். ‘வேண்டாம், நிறுத்து’ என்று சொல்லவேண்டிய மூளையின் முன்பகுதியையே போதை பலவீனமாக்கி வைத்திருக்கிறது. அதனிடம் போய் உறுதியைக் கேட்டு என்ன பயன்?

சத்தியம் பொய் என்று நினைக்கிறீர்கள். இல்லை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்தார். முதலில் பழச்சாறு கிடைக்கும்போது அவற்றின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று பழகியபிறகு, விளக்கைப் பார்த்ததுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. உங்கள் தம்பிக்கு அந்தக் கூட்டாளிதான் விளக்கு. அம்மாவிடம் சத்தியம் செய்தபோது அவன் எதிரில் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். பழையபடி அதில் அவனுக்கு இன்பம் கிடைக்கிறது என்றும் எண்ணாதீர்கள். ஆசைப்படுவதும் அனுபவித்து மகிழ்வதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்று கெண்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளர் காட்டியிருக்கிறார். மகிழ்ச்சி வற்றியபிறகும் தவிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் அவர்மீதுதான்.

கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறையில் ஒரு நண்பன் இருந்தான். கணக்கில் புலி. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தான், சில வாரங்களில் தவறினான், வீட்டார் துரத்திவிட்டார்கள். யாரோ ஒருவரின் காலி அறையில், தனியாக, சிகிச்சைக்கு முன்னால் வழக்கமாக எடுத்துக்கொண்ட அதே அளவை எடுத்துக்கொண்டான். காலையில் உயிர் இல்லை. ‘எங்களை ஏமாற்றிவிட்டான்’ என்று அவன் வீட்டார் அழுததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தினமும் எடுக்கிறவனின் மூளைத்தண்டு அந்த அளவுக்கு ஈடுகொடுக்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினால் அந்தப் பழக்கம் போய்விடும். அப்புறம் பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். இன்னொன்றும் உண்டு. அந்தத் தாங்கும் சக்தி இடத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனடாவில் ஷெப்பர்ட் சீகலும் அவருடைய குழுவும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரு பெரிய அளவைக் கொடுத்தார்கள். வழக்கமான இடத்தில் கொடுத்தபோது 32 சதவீதம் செத்தன. புது இடத்தில் அதே அளவைக் கொடுத்தபோது 64 சதவீதம். பழகிய இடத்தைக் கண்டதுமே உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்கிறது. புது இடத்தில் அந்த முன்னேற்பாடு நடப்பதில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம் விட்டிருந்தவன், ஈடுகொடுக்கும் சக்தி குறைந்தவன், அவனைப் பழக்கமில்லாத இடத்துக்குத் தனியாகத் துரத்துவது தண்டனையா? உங்கள் அப்பா கெட்டவர் இல்லை, நொந்துபோயிருக்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அவர் செய்யப்போவது என்னவென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உரக்கவே சொல்லுங்கள்.

பணத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள், திட்டுங்கள், இரண்டு நாள் பேசாமல்கூட இருங்கள். படுக்கை மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும், கதவைத் தாழிடவிடாதீர்கள். ஹெராயின் தவிப்பைத் தணிக்கக் கொடுக்கும் மருந்துகளான புப்ரெனார்ஃபின், மெத்தடோன் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். அதுவும் ஒரு போதைதானே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். நலோக்ஸோன் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மூச்சு திணறும்போது ஹெராயினை மூளையின் ஏற்பிகளிலிருந்து விலக்கி மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து அது. கொடுத்தபிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் ஹெராயினுக்கு முன்பே இந்த மருந்தின் வேகம் தணிந்துவிடக்கூடும். அதை எப்படிக் கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள், அப்பாவும்தான்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.