கிராமத்துச் சாலைகளில் ஒரு முழு நாள் சைக்கிள்: கேள்வி பதில்

இதுவரை 40 கி.மீ. தாண்டியதில்லை. எடுத்த எடுப்பில் 100 கி.மீ. போகலாமா?

போகலாம், வழியை எட்டு வடிவத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 30 கி.மீ.யில் இரண்டு வளையங்களும் சந்திக்கும் ஊர் வர வேண்டும். அங்கே தெம்பு இருந்தால் இரண்டாவது வளையத்தின் 40 கி.மீ.யையும் சுற்றுங்கள். இல்லையா, திரும்பிவிடுங்கள், 60 கி.மீ.யில் முடிந்துவிடும். ஒரே பெரிய வட்டமாகப் போட்டால், களைத்துப்போகிற இடம்தான் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஓட்டமே ஐந்தரை மணி நேரம் ஆகும். நின்று பார்க்கவும் இளைப்பாறவும் சேர்த்து எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கிராமங்களை நிதானமாகப் பார்க்கத்தானே போகிறோம்!

எந்தத் திசையில் கிளம்புவது?

எதிர்காற்றில் கிளம்புங்கள். சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காலையில் கால் புதிதாக இருக்கும்போது அதைச் சமாளித்துவிட்டால், மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும். பகலில் திசை மாறுமா என்பதையும் வானிலை அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

வரைபடம் காட்டுகிற ஒல்லியான சாலைகளை நம்பலாமா?

செயற்கைக்கோள் படத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். ஒருமுறை அப்படி நம்பிப் போய், தார் சாலை உழுத வயலில் முடிந்து, மூன்று கி.மீ. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஓடையைக் கடக்கும் இடத்தில் பாலம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

டியூப் மாற்றினேன், பத்தே நிமிடத்தில் மறுபடி பஞ்சர். ஏன்?

முள் டயரிலேயே இருந்திருக்கும். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் மெதுவாகத் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத முள் நுனிகூட நூலை இழுத்துக் காட்டிக்கொடுக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள், கண்ணாடித் துண்டு இருந்தால் கிழித்துவிடும். இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, பம்பு மூன்றும் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

கை மரத்துப்போகிறது.

உடல் பாரம் கையில் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டமாக்குங்கள். கைப்பிடியில் பிடி இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் கைப்பிடியைச் சற்று உயர்த்திப் பாருங்கள்.

பாதி வழியில் சக்தியே போய்விடுகிறதே?

பசி எடுக்கும்வரை காத்திருந்திருப்பீர்கள். முதல் மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். வெயில் நாளில் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும்.

நாய் துரத்தினால்?

வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நடங்கள். அதன் எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும், அப்புறம் ஏறி ஓட்டலாம்.