‘அடுத்த வாரம் வாங்க’

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்சாக இருக்கிறேன். கருக்கலைப்பு கேஸுக்கு நிற்க என் விசுவாசம் இடம் தரவில்லை என்று சொன்னேன். ‘சம்பளம் வாங்கும்போது விசுவாசம் எங்கே போச்சு?’ என்று சூப்பிரண்டு எல்லார் முன்னாலும் கேட்டார். மெமோ வரும் என்கிறார்கள். போன வாரம் அப்படி ஒரு கேஸ் முடிந்து வார்டில் கிடந்த பெண்ணுக்கு டிரிப் மாற்றக்கூட நான் போகவில்லை. அயர்லாந்தில் இருக்கும் தோழி, அங்கே மறுக்க உரிமை உண்டு என்கிறாள். நம் சட்டம் என்னைக் காப்பாற்றாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தவறு. ஒருவருடைய மனசாட்சியைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டுப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நம் சட்டத்தில் உங்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு என்று கூடவே சொல்லியும் வைக்கிறது. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில், 2021 திருத்தத்துக்குப் பிறகும், மறுக்கிறவரைப் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர்களுக்கோ நேர் எதிர். மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்பையோ குடும்பக் கட்டுப்பாட்டையோ மறுக்கக் கூடாது என்கின்றன 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். அவை நர்சுகளைக் கட்டாது, அவ்வளவுதான்.

தோழி சொன்னது பாதி சரி. அயர்லாந்தின் 2018 சட்டப்படி டாக்டரும் நர்சும் மறுக்கலாம். ஆனால் உயிர் போகிற அவசரத்தில் மறுக்க முடியாது. மறுக்கிறவர், அந்தப் பெண்ணை வேறொருவரிடம் சேர்க்கத் தாமதிக்காமல் ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்தச் சட்டம் வந்ததற்குப் பின்னால் நம் பெலகாவிப் பெண் சவிதாவின் சாவு இருக்கிறது. 2012-இல், அயர்லாந்தின் கால்வே நகரில், 17 வாரக் கர்ப்பம் நிற்காது என்று தெரிந்த பிறகும், சிசுவின் இதயம் துடிக்கிறது என்று சொல்லிக் கலைக்க மறுத்தார்கள். கிருமித் தொற்றில் இறந்துபோனார். மறுக்கும் உரிமை, வேறொருவரிடம் சேர்க்கும் கடமை என்று இரண்டு பாதியும் சேர்ந்த ஒரு சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் ஏன் இரண்டாவது பாதியை இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 2009-இல் என் அக்காவுக்கு 18 வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது. டாக்டர் ‘அடுத்த வாரம் வாங்க’ என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அன்றைக்குச் சட்டத்தின் எல்லையே 20 வாரம்தான். என்னால் முடியாது என்று ஒரு தடவை வாய் திறந்து சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்தார். விரலில் ஜெபமாலை மோதிரம். “இங்க செய்ய மாட்டாங்க அக்கா. எனக்கும் இதுல நிக்க மனசு கேக்காது. இன்னைக்கே ஆசாரிப்பள்ளம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லி, எந்த ஓ.பி.யில் பார்க்க வேண்டும் என்பதை ஸ்கேன் கவரின் மேலேயே எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறாள்.

உங்களைப் போலவே அவரும் நிற்க மாட்டாதவர்தான். ஆனால் டிரிப் மாற்ற நீங்கள் போகாததை என்னால் ஏற்க முடியவில்லை. கேஸ் முடிந்துவிட்டது, இனி அவள் வார்டில் கிடக்கும் ஒரு நோயாளி. மறுக்கும் உரிமையை 1967-லேயே சட்டத்தில் எழுதிவைத்த பிரிட்டனிலும், கிளாஸ்கோ நகர மருத்துவச்சிகள் இருவரின் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. கருவைக் கலைக்கும் சிகிச்சையில் நேரடியாகக் கை வைப்பதை மறுக்கலாம். மற்றவர்களுக்கு டியூட்டி போடுவதையும் மேற்பார்வையையும் மறுக்க முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? தியேட்டர் லிஸ்ட் போட்ட பிறகு, பெண் மேஜையில் படுத்த பிறகு சொல்லாதீர்கள். இன்றே எழுத்தில் கொடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வேறு ஆளைப் போடும்படியும், பதிலுக்கு வேறு டியூட்டி தரும்படியும் கேளுங்கள். இரத்தப்போக்கோடு யார் வந்தாலும் நிற்பேன், பிறகு கவனிக்கவும் செய்வேன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறமும் மெமோ வந்தால் எனக்கு அனுப்புங்கள். நாகர்கோவிலில் தொழிலாளர் வழக்கு பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார்; பதில் எழுத அவர் உதவுவார்.