பாட்டியின் சுங்குடி முடிச்சு

கேள்வி: என் பாட்டிக்கு 78 வயது. மணமாகி வந்த நாள் முதல் பல ஆண்டுகள், துணியை ஆங்காங்கே கட்டிச் சாயத்தில் முக்கிப் புள்ளிகள் எடுக்கும் சுங்குடிப் புடவைகளுக்கு முடிச்சுப் போட்டவர். கற்றுத் தாருங்கள் என்றால், "சொல்லித் தர என்ன இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்" என்கிறார். எனக்கென ஒரு துப்பட்டாவை நானே செய்து உடுத்த ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பாட்டி சொன்னதே சரியான வழி. ஆனால், எதிரே உட்காராதீர்கள். எதிரே இருந்து பார்த்தால் கைகள் இடம் வலம் மாறித் தெரியும். என் பெரியம்மாவிடம் கற்றபோது இதை அறியாமல் ஒரு வாரத்தை வீணாக்கினேன். அவர் தோளை ஒட்டி, அவர் பார்க்கும் திசையிலேயே நீங்களும் பாருங்கள்.

துப்பட்டாவை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். கஞ்சி முழுதும் போகும்படி அலசி உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியில், கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு போதும். நகநுனியால் உளுந்தளவு துணியைக் கிள்ளித் தூக்கி, அதன் அடியில் நூலை இறுக்கிச் சுற்றுவதுதான் முடிச்சு. சொல்வதற்கு இவ்வளவுதான், ஆனால் இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது: நூல் தளர்ந்தால் சாயம் உள்ளே கசிந்து புள்ளி மங்கிவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை எந்தக் காணொளியும் காட்டாது. பாட்டி போட்ட முடிச்சையும் உங்கள் முடிச்சையும் மாறி மாறி விரலால் தடவிப் பார்த்தால்தான் பிடிபடும். கை நடுங்குவதால் அவரால் நெடுநேரம் கட்ட இயலாமல் போகலாம். ஆனாலும், உங்கள் முடிச்சைத் தொட்டவுடனே அது நிற்குமா நழுவுமா என்று சொல்லிவிடுவார்.

உங்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவீர்களானால், வேலைக்கிடையே அவர் சொல்லும் தொழிற்சொற்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிரர்களின் கையோடும் பேச்சோடும் வளர்ந்த கலை இது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அச்சிட்ட புள்ளிகளும் சுங்குடி என்ற பெயரிலேயே கடைகளில் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது, உங்களைப் போன்றவர்கள் கற்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறது. கையால் கட்டிய புள்ளி ஒன்றைப் போல் ஒன்று இராது. விளிம்பு சற்றே பிசிறி நிற்கும்.

சாயத்துக்கு, குளிர்ந்த நீரில் கரையும் பருத்திச் சாயம் எளிது; நிறம் பிடிக்க உப்பும் சலவைச் சோடாவும் வேண்டும். பொடியைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். இரு நிறம் வேண்டுமானால் வெளிர் நிறத்தில் முதலில் முக்கி, அந்நிறம் நிலைக்க வேண்டிய இடங்களையும் கட்டிவிட்டு அடர்நிறத்துக்குப் போங்கள். நன்றாக அலசி, நிழலில் முற்றிலும் காய்ந்த பிறகே முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும்.

அந்த முதல் துண்டில் ஒரு மூலையைப் பாட்டியைக் கட்டச் சொல்லி, அதை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருங்கள். துப்பட்டாவுக்கு உட்காரும் நாளில் உங்கள் விரலுக்கு அதுவே அளவுகோல்.