காகித ஏற்றுமதி: தென்னாப்பிரிக்காவும் கென்யாவும்

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக இந்த இரு நாடுகளின் காகித, அட்டை ஏற்றுமதியை ஒப்பிடுகிறேன். ஐ.நா.வின் வணிகப் புள்ளிவிவரத் தளமான காம்டிரேட்டிலிருந்து எச்.எஸ். (சரக்குகளுக்கான உலகப் பொதுக் குறியீடு) 48ஆம் பிரிவின், அதாவது காகிதம், அட்டைப் பிரிவின், டாலர் மதிப்பை எடுத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது. அந்த ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு தொழில்கள் கலந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் மரத்தோட்டமும் உண்டு, காகிதத்துக்கான மரக்கூழ் ஆலையும் உண்டு. அங்குள்ள ரிச்சர்ட்ஸ் பே ஆலையின் கிராஃப்ட் லைனர் (அட்டைப்பெட்டியின் மேல்தாள்) ரீலாகவே கப்பல் ஏறுகிறது. கென்யாவின் பெரிய கூழ் ஆலை வெபுயேயில் 1974இல் ஓடத் தொடங்கி 2009இல் நின்றுபோனது. இன்று அந்நாடு விற்பதில் முக்கியமானவை பெட்டி, டிஷ்யூ, நோட்டு போன்ற முடிந்த சரக்குகள். மடித்த பெட்டியும் இடத்தை அடைக்கும். தூரத்துக்கு அனுப்பினால் லாரி வாடகை கட்டுப்படியாகாது. அதனால்தான் அவை உகாண்டா, ருவாண்டா என்று பக்கத்திலேயே போகின்றன.

ஆகவே நான்கு இலக்க எச்.எஸ். குறியீட்டுக்கு இறங்குங்கள். 4801 முதல் 4811 வரை ரீலும் தாளும்; அதற்கு மேல் பெரும்பாலும் முடிந்த பொருள்கள். இரண்டையும் தனித்தனியே கூட்டி, மதிப்பை நிகர எடையால் வகுத்து, ஒரு டன் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ஒப்பீட்டின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கூழ் 47ஆம் பிரிவு. அதைத் தனி வரியாகவே வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் உம்கொமாஸில் உள்ள சாய்க்கோர் ஆலையின் கூழ் காகிதமாவதே இல்லை, விஸ்கோஸ் இழைக்குப் போகிறது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சரக்கோடு சேர்ந்து போகும் பெட்டி அந்தச் சரக்கின் கணக்கில்தான் ஏறும், எச்.எஸ். பொதுவிதி 5 சொல்வது அது. கென்ய ரோஜா போகும் பெட்டி பூக்களுக்கான 06இல், தென்னாப்பிரிக்க ஆரஞ்சு போகும் 15 கிலோ அட்டைப்பெட்டி பழங்களுக்கான 08இல். இரு நாட்டிலும் அட்டையை அள்ளிக் குடிக்கும் தொழில்கள் இவை. அந்த அட்டை 48இல் ஒரு கிலோகூடத் தெரியாது.

கேள்வி: 2012ஐ ஒட்டி 4818 (டிஷ்யூ போன்ற சுகாதாரக் காகிதப் பொருள்கள்) சட்டென்று இறங்குகிறதே, ஆலை ஏதும் மூடியதா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டு எச்.எஸ். திருத்தத்தில் சானிட்டரி நாப்கினும் குழந்தை டயப்பரும் 481840ஐ விட்டு 9619க்குப் போய்விட்டன. பின்னாள் கணக்கில் 9619ஐக் கூட்டினால் பஞ்சு, துணி வகைகளும் உள்ளே வந்துவிடும். முந்தைய ஆண்டுகளில் 481840ஐக் கழிப்பதே சுத்தம். நாடுகள் எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. கோப்பின் வகைப்பாட்டுப் பத்தியில் எச்3 (2007 பதிப்பு) எங்கே எச்4 (2012 பதிப்பு) ஆகிறது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் பாருங்கள்.

கேள்வி: கென்யா அனுப்பியதாகச் சொல்லும் தொகையும் உகாண்டா வாங்கியதாகச் சொல்லும் தொகையும் ஒத்துப்போகவில்லை. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். ஏற்றுமதி எஃப்.ஓ.பி. விலையில், அதாவது அனுப்பும் நாட்டின் எல்லை வரையான விலையில், பதிவாகும்; இறக்குமதியில் கப்பல் அல்லது லாரிச் செலவும் காப்பீடும் சேரும். டிசம்பரில் புறப்பட்ட லாரி ஜனவரியில் எல்லை தாண்டினால் ஆண்டே மாறும். எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பெரிதாக விலகினால் மறு ஏற்றுமதியை, அதாவது வேறு நாட்டில் வாங்கி அப்படியே அனுப்பிய சரக்கை, தேடுங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குத் தனி எச்சரிக்கை: போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகியவை அதனுடன் ஒரே சுங்கக் கூட்டமைப்பில் உள்ளவை. அவற்றுக்குப் போன சரக்கு 2010 முதல்தான் அதன் கணக்கில் ஒழுங்காக வருகிறது. 2009ஐயும் 2010ஐயும் இணைத்துக் கோடு போட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும்.